கொட்டையை எறியாதேங்கோ

எங்கட போர்டிங் யன்னலில் ஒரு தயிர்ச்சட்டி இருக்கிறது. தயிர் எப்பவோ முடிஞ்சுது. இப்ப அதுக்குள்ள ஒரு சாண் உயரத்தில் ஒரு மாங்கன்று, செம்பு நிற இலைகளைத் தொங்கப்போட்டபடி நிற்கிறது. பார்க்கிறவையெல்லாம் வாடிப்போச்செண்டு தண்ணி ஊத்தப் பார்க்கினம். மாந்தளிர் அப்பிடித்தான், கொஞ்ச நாளில் தானே நிமிர்ந்து பச்சையாகும்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. கறுத்தக்கொழும்பான் சாப்பிட்டோம், கொட்டையின் தும்பைச் சுரண்டிக் கழுவினோம், ஒருநாள் நிழலில் வைத்தோம். பிறகு ஓரத்தில் கத்தியை விட்டு ஓட்டைப் பிளந்து உள்ளே இருந்த பருப்பை மட்டும் எடுத்து, முதுகு மேலே இருக்க, ஆழமில்லாமல் புதைத்தோம். மூன்று கிழமைக்குள் முளை வந்தது. வெயிலில் காயப்போட்டு 'பிறகு நடுவம்' என்று வைத்தால் மாங்கொட்டை செத்துவிடும். நெல்லு, பயறு மாதிரி அது காத்திருக்காது. (சட்டியின் அடியில் ஆணியால் ஓட்டை போடப்போய் உடைத்த இரண்டு சட்டி தனிக்கணக்கு.)

"ஒட்டுக்கன்று வாங்கினா மூண்டு நாலு வருஷத்தில காய்க்குமே, இதென்ன பைத்தியம்?" என்று கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்விதான். கொட்டையில் வந்த மரம் காய்க்க அதைவிடக் கனகாலம் எடுக்கும். தாய்மரத்தின் ருசி அப்பிடியே வருமென்ற நிச்சயமும் இல்லை. ஆனால் அந்த ஒட்டுக்கன்றின் அடிக்கட்டையும் யாரோ ஒரு கொட்டையைப் புதைத்து வளர்த்ததுதானே. அதை ஒருத்தரும் எண்ணிப் பார்க்கிறேல்லை. எல்லாத்தையும் காய்க்கிற வருஷத்தை வைச்சே அளக்கிறது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர். காணி விடுபட்டுத் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை மட்டுக்கட்டினார். அந்த வருஷமே கிணற்றடியில் ஒரு மாங்கொட்டையைப் புதைத்தார். மாமா ஒட்டுக்கன்று வாங்கித்தாறன் என்றதுக்கு அவர் சொன்னது: "வேண்டாம் தம்பி. இது காய்க்குமட்டும் நான் இஞ்சையிருந்து எழும்பமாட்டன்."

அவருக்கு மூன்று நாலு வருஷம் போதாது. எங்களுக்கு அது அப்ப விளங்கவில்லை, சிரிச்சனாங்கள். வருஷத்துக்கொரு அறை மாறி, பெட்டியை முழுசாகப் பிரிக்காமலே கம்பஸ் வாழ்க்கையை ஓட்டுற எங்களுக்கு இப்ப கொஞ்சம் விளங்குது. 'சொந்தக் காணி வரட்டும், பிறகு மரம் வைப்பம்' என்று எங்கட வயசுக்காரர் சொல்லும்போது கோபமும் வருது. காணி எப்ப வரும்?

வீட்டுக்கார அன்ரி வளவில் நட விடமாட்டா. வேர் மதிலை வெடிக்க வைக்குமாம். வாடகைக்கு இருக்கிறவை வைக்கிற மரம் என்றால் வேறு பயங்களும் இருக்கும்போல. சரி, அறையை விடேக்க சட்டி பஸ்ஸில் எங்கட மடியில் வரும். ஆணிவேர் அடியில் சுருளமுன்னம் இதை நிலத்தில் இறக்கவேணும். வேலியோரம் இடமிருக்கிற ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.