சன்னலோரம் ஒரு கூதிர்கால மருந்து

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஓர் அதிகாலை. அறுவைச் சிகிச்சை முடிந்து என் தந்தையார் ஆயக்குடி வீட்டிற்குத் திரும்பிப் பத்து நாள்கள் ஆகியிருந்தன. உணவிலும் பேச்சிலும் நாட்டமின்றிச் சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். அன்று பின்புறக் கொய்யாத் தோப்பிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி எழுந்தது. "ஆறுமணிக் குருவி வந்துவிட்டதம்மா, கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பு" என்றார். வீடு திரும்பிய பின் அவராகக் கேட்ட முதல் உதவி அதுவே.

ஆறுமணிக் குருவி, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் வருவது. பச்சை முதுகும், நீலம் மின்னும் சிறகும், சிவந்த அடிவயிறும் கொண்டது. இந்தியில் 'நவரங்' என்பர். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் நம்மிடம் இப்பெயர் பெற்றது. மாங்குயிலும் சோளக்குருவிக் கூட்டமும் இப்பருவத்திலேயே வருகின்றன. சென்னைவாசிகள் கிண்டிப் பூங்காவில் காத்திருந்து காணும் பறவை, நமக்குத் தோப்பிலேயே கிடைக்கிறது.

நோயாளி இருக்கும் வீட்டில் பறவை பார்ப்பது வீண்பொழுது என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவைக்குள்ளான 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு 1984-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர்; வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், மரமும் பறவையும் மருந்துக்கு மாற்றாகா. ஆயினும், கட்டிலைத் திருப்பிப் போடச் செலவு ஏதுமில்லை.

பராமரிப்பவருக்கும் இது தேவை. மாத்திரை வேளைகளாகவே நாளை எண்ணிப் பழகிய எனக்கு, அந்த அரைமணி நேரம் மட்டுமே தந்தையாரோடு நோயைப் பற்றி அல்லாமல் வேறொன்றைப் பேச வாய்த்தது.

சில எச்சரிக்கைகள் உண்டு. வெளியே நடக்க மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். மழைக்கால வழுக்கலில் கைத்தாங்கல் அவசியம். டெங்கு பரப்பும் கொசு பகலிலேயே கடிக்கும். முழுக்கை உடை அணிக. நுரையீரல் நோயாளிகள் புறாக்கள் அடையும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். எச்சத்தின் தூசி அவர்களுக்குத் தீங்கானது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆறுமணிக் குருவி மரத்தடிச் சருகைக் கிளறியே புழு பூச்சிகளைத் தின்கிறது. நாமோ சருகைக் கூட்டி எரிக்கிறோம். பறவையின் உணவு அழிகிறது. புகை மூச்சுத்திணறல் உள்ளவரின் அறைக்குள் நுழைகிறது. வீடாயினும் மருத்துவமனை வளாகமாயினும், நீர் தேங்காத ஒரு மரத்தடியில் சருகை அப்படியே விட்டுவைப்போம். எரிக்காத சருகு நோயாளிக்கும் நன்மை, விருந்தாளிக்கும் நன்மை.

தந்தையார் இப்போது தோப்புவரை தாமே நடக்கிறார். இந்த ஐப்பசியிலும் சீழ்க்கை ஒலியை அவரே முதலில் கேட்டார்.