சொந்தக் காணியில் வீடு கட்டும் உரிமையும் முறைப்பாட்டுப் புத்தகத்தின் மொழியும்

சொந்தக் காணியில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிய அன்றே தகராறும் தொடங்குவது நம்மவரிடையே புதுமையன்று. எல்லை வேலியைத் தாண்டி வெட்டிவிட்டீர் என்பார் அயலவர் ஒருவர்; அது தமது பாதை என்பார் இன்னொருவர்; நெடுநாள் தலைகாட்டாத பங்காளர் ஒருவர் வந்து தமக்கும் உரித்துண்டு என்பார். கல்லும் மணலும் குவிந்து கிடக்க, மேசன்மார் வேலையின்றித் திரும்புவர். போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்து மீண்டோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் விட்டுச் சென்ற வேலியும் இல்லை. எல்லைக் கல்லும் இல்லை. பலரிடம் உறுதியும் இல்லை.

இத்தகைய வேளையில் மக்கள் இரு தவறான வழிகளை நாடுகின்றனர். ஒன்று, ஆள்சேர்த்துக்கொண்டு மோதுவது. மற்றது, தலைவிதியென்று வாளாவிருப்பது. முன்னது உரிமையாளரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். பின்னது உரிமையையே அழிக்கும். சட்டம் காட்டும் வழி வேறு. அதனை மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

காணித் தகராறினால் சமாதானக் குலைவு ஏற்படக்கூடுமெனக் கண்டால், 1979ம் ஆண்டின் 44ம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ம் பிரிவின்கீழ், பொலிசார் தாமதமின்றி நீதிமன்றுக்கு அறிவித்தல் வேண்டும். அவர்கள் அசையாவிடின், தரப்பினர் தாமே சத்தியக்கடதாசியுடன் மனுச் செய்யலாம். அங்கு ஆராயப்படுவது காணி யாருக்குச் சொந்தம் என்பதன்று. மன்றுக்கு அறிவித்த நாளில் காணி யார் கையில் இருந்தது என்பதே. 1982ல் இராமலிங்கம் எதிர் தங்கராசா வழக்கில் நீதியரசர் சர்வானந்தா இதனை ஐயத்துக்கிடமின்றி விளக்கினார். அந்நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் மீண்டும் உடைமை பெறலாம். இரண்டு மாதம்! உறவினரிடம் நியாயம் கேட்டு அலைவதிலேயே அக்காலம் கழிந்துவிடுவதை எத்தனை முறை கண்டுள்ளோம்.

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. இவ்வழக்குகளிற் பெரும்பாலானவை பிறப்பது பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகத்திலேயே. யார் வேலி அடைத்தார், யார் எப்போது உள்நுழைந்தார் என்ற முதல் வாக்குமூலம் அங்கே பதியப்படுகிறது. பின்னர் நீதவான் முன் வைக்கப்படுவதும் அதுவே. அரசியலமைப்பின் 22ம் உறுப்புரை, 1988ம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பின், வடக்குக் கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என்றும், பொதுப் பதிவேடுகள் தமிழிலேயே பேணப்படவேண்டும் என்றும் கூறுகிறது. ஆயினும் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவரிடம் கையொப்பம் வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. “நான் பயிரிட்ட காணி” என்று கூறியவர் “முன்னர் பயிரிட்ட காணி” என்று கூறியதாகப் பதியப்படின், ஒரு சொல்லில் உடைமை போய்விடுகிறது. தான் வாசிக்கவியலாத ஏட்டினால் ஒருவன் தன் நிலத்தை இழப்பதற்குப் பெயர் நீதியா?

ஆதலால் வாசகருக்கு நாம் கூறுவது இது: புரியாத மொழியில் எழுதப்பட்ட எதிலும் கையொப்பமிடாதீர்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள். மறுக்கப்படின், மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாயில் மாவட்ட நீதிமன்று. கட்டிட வேலையைத் தடுப்பவருக்கெதிராக உரித்து வழக்கிட்டு, இடைக்காலத் தடையுத்தரவு கோரலாம். அவசரமாயின், மறுதரப்பைக் கேட்குமுன்னரே பதினான்கு நாட்களுக்கு மேற்படாத தடுப்புக் கட்டளையும் பெறலாம். ஆனால் உண்மையை மறைத்துப் பெற்ற கட்டளை நிலைக்காது. உடைமை இழந்தவர், உரித்தை நிரூபிக்காமலே ஓராண்டுக்குள் உடைமை வழக்கும் தொடுக்கலாம்; 1871ம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4ம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. அதே சட்டத்தின் 3ம் பிரிவோ, பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவருக்கே காணியை உரித்தாக்கிவிடுகிறது. வாளாவிருத்தலின் விலை இதுவே.

வழக்கிடுமுன் நம் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ளல் நன்று. நில அளவையாளரின் படம் உண்டா? உள்ளூராட்சி மன்றின் கட்டிட அனுமதி உண்டா? அனுமதியின்றிக் கட்டுபவர் எதிரிக்கு ஆயுதத்தைத் தாமே கொடுக்கின்றார். பிரிக்கப்படாத பங்குக் காணியில் உடன்பங்காளர் அத்துமீறியவர் அல்லர். அங்கே பங்கு பிரிக்கும் வழக்கே உறுதியான வழி. அயலவரின் பாதையுரிமை மெய்யாயின், அதனை விட்டுக் கட்டுவதே நேர்மை. உரிமை கேட்போர் பிறர் உரிமையை மிதித்தல் தகாது.

தடுப்பவர் அயலவரல்லர், அரச திணைக்களமே எனின் என் செய்வது? சட்ட அதிகாரமின்றித் தடுக்கும் அதிகாரிக்கெதிராக, அரசியலமைப்பின் 140ம் உறுப்புரையின்கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றில் எழுத்தாணை கோரலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டிருப்பின், உயர் நீதிமன்றை ஒரு மாதத்துக்குள் அணுகவேண்டும். ஆனால் கொழும்புக்குச் சென்று வழக்காடும் வசதி எத்தனை விவசாயிகளுக்கு உண்டு?

சட்டப் புத்தகத்தில் உரிமைக்குக் குறைவில்லை. அதனை அடையும் படிகளிலேயே குறை. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் எழுதவல்ல அலுவலர் அமர்த்தப்படல் வேண்டும். இது சலுகையன்று; அரசியலமைப்பு இட்ட கட்டளை. அதுவரையில், நமது இளஞ் சட்டத்தரணிகளும் ஊர்ச் சங்கங்களும் முறைப்பாடு செய்யச் செல்லும் ஏழைக்குத் துணையாக நிலையம்வரை செல்லட்டும். மேடையிலே மொழியுரிமை முழங்குவது எளிது. அம்மொழியில் ஓர் ஏழையின் காணியைக் காத்துக் கொடுப்பதே அவ்வுரிமைக்கு உரைகல்.