தலைக்கு மேலே கம்பி... வீட்டிலே இருட்டு!

எச்.வி.டி.சி. என்று நமக்கு ஒரு பாடம் உண்டு. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி நெடுந்தூரம் அனுப்பும் முறை. பரீட்சைக்கு நாலு நன்மை, நாலு தீமை எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பாடத்துக்குள் ஒரு நாட்டின் அரசியலே அடங்கிக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் காங்கோவைத்தான் சொல்கிறேன்.

காங்கோ ஆறு கடலில் கலப்பதற்கு முன்னால் இங்கா என்ற இடத்தில் பெரும் வேகத்தோடு சரிந்து விழுகிறது. முழுசாகப் பயன்படுத்தினால் சுமார் 40,000 மெகாவாட் எடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே 1972-ல் ஒரு மின் நிலையமும், 1982-ல் இரண்டாவதும் வந்தன. கூடவே, தென்கிழக்கில் இருக்கும் கோல்வேசி என்ற செம்புச் சுரங்க ஊர் வரை 1,700 கிலோமீட்டருக்கு ஒரு டி.சி. லைன் இழுத்தார்கள். அன்றைக்கு உலகிலேயே நீளமான லைன் அதுதான். வழி நெடுகக் கிராமங்கள். அவர்கள் தலைக்கு மேலே ஐந்து லட்சம் வோல்ட் போகிறது. வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு!

காரணம் நமக்குத் தெரியும். டி.சி.யை டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்க முடியாது. நடுவழியில் எடுக்க வேண்டுமென்றால் கன்வெர்ட்டர் ஸ்டேஷன் கட்ட வேண்டும். ஒரு கிராமத்துக்காக யார் கட்டுவார்கள்? அவ்வளவு தூரத்துக்கு டி.சி.தான் சிக்கனம் என்பதும் சரியே. ஆனால் அவ்வளவு தூரத்துக்கு ஏன் இழுக்கணும்? சுரங்கப் பகுதியிலேயே லுவலாபா ஆற்றில் நீர்மின் நிலையங்கள் ஏற்கெனவே இருந்தனவே! இதற்கு விடை பாடப் புத்தகத்தில் இல்லை. சரித்திரத்தில் இருக்கிறது.

1885-ல் பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொண்டார். ஒரு தடவைகூட அந்த மண்ணை மிதிக்காதவர்! காட்டு ரப்பர் கொண்டுவராத கிராமங்களைக் கொளுத்தினார்கள். மனிதர்களின் கையை வெட்டினார்கள். உலகமே காறித் துப்பிய பிறகு 1908-ல் பெல்ஜியம் அரசு காங்கோவை எடுத்துக்கொண்டது. ரயில் பாதை போட்டது, சுரங்கம் தோண்டியது. பாதை எங்கே போனது? சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு! ஆரம்பப் பள்ளிகள் இருந்தன. அதற்கு மேலே கதவு சாத்தியிருந்தது. 1960 ஜூன் 30-ல் சுதந்திரம் வந்தபோது அத்தனை பெரிய நாட்டில் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. ராணுவத்தில் ஒரு கறுப்பு அதிகாரிகூட இல்லை.

என் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஒரு பாரத்தை எப்படி நிரப்புவது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு தேசமே அப்படி நின்றால்? சாவியைக் கொடுத்தார்கள். வண்டி ஓட்ட மட்டும் யாருக்கும் கற்றுத் தரவில்லை.

பதினோரே நாளில் செம்பு விளையும் கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்தது. பின்னால் நின்றது பெல்ஜியம் சுரங்கக் கம்பெனியான யூனியன் மினியேர். தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து முதல் பிரதமரான பாட்ரிஸ் லுமும்பாவை 1961 ஜனவரி 17-ல் அதே கட்டாங்காவில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குத் தார்மீகப் பொறுப்பு உண்டென்று ஒப்புக்கொண்டு பெல்ஜியம் மன்னிப்புக் கேட்டது 2002-ல்!

1965-ல் தளபதி மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். நாட்டின் பெயரை ஜைர் என்று மாற்றினார். ஐரோப்பியப் பெயர் கூடாது, கோட்டு, டை கூடாது என்றார். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் ரயில் பாதையின் திசை மாறவில்லை. கம்பெனியை அரசுடைமை ஆக்கினார். வருமானம் மக்களுக்குப் போகவில்லை. பிறகுதான் நம்முடைய டி.சி. லைன் வந்தது. கட்டாங்காவுக்குக் கரண்டு தலைநகர்ப் பக்கமிருந்து போனால், மறுபடி பிரிய நினைத்தால் சுவிட்சை அணைத்துவிடலாம் அல்லவா? பல ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இது. பவர் என்ற சொல்லுக்கு மின்சாரம், அதிகாரம் என்று இரண்டு அர்த்தம். அந்த ஒரே லைனில் இரண்டும் ஓடின!

லைனுக்குப் பணம் அமெரிக்காவின் எக்ஸிம் வங்கிக் கடன். மொபுட்டு காட்டுக்குள் கபடோலிட்டேயில் அரண்மனை கட்டினார். கான்கார்ட் விமானம் இறங்க ஓடுபாதை போட்டார். அந்த நாட்டு மத்திய வங்கிக்கு அனுப்பப்பட்ட ஜெர்மன் வங்கியாளர் எர்வின் புளூமென்தால், கொடுத்த கடன் திரும்பி வராது என்று 1982-ல் அறிக்கையே எழுதினார். கடன் நின்றதா? இல்லை. கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர் என்ற ஒரே தகுதி போதுமாக இருந்தது. வாங்கியவர் குற்றவாளி என்றால், தெரிந்தே கொடுத்தவர் யார்?

மேலே அரண்மனை என்றால் கீழே என்ன ஆகும்? வாத்தியாருக்கும் சிப்பாய்க்கும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. ஐம்பது லட்சம் ஜைர் நோட்டு ஒன்றை அச்சடித்தார்கள். 1993 ஜனவரியில் அதைச் சம்பளமாக வாங்கிய சிப்பாய்களிடம் கடைக்காரர்கள் அதை வாங்க மறுக்க, கின்ஷாசாவில் சூறையாடல் வெடித்தது. நம்ம லைனின் கோபுரத்திலிருந்து இரும்புச் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. திருட்டுதான். ஆனால் அந்தக் கோபுரம் அவர்களுக்கு வேறு எதற்குப் பயன்பட்டது? 1980-களில் ஆண்டுக்கு நாலு லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்த அரசுக் கம்பெனி, 1990-களின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை.

இதைப் பேசினால் இரண்டு பதில் வரும். ஒன்று, "அவங்களுக்கு ஆளத் தெரியாதுப்பா." இன்னொன்று, "எல்லாம் வெள்ளைக்காரன் வேலை." இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். முதலாவது, இனவெறி. இரண்டாவது, மொபுட்டுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் விடுதலைத் தீர்ப்பு!

போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966-ல் சுதந்திரம் பெற்றபோது பரம ஏழை நாடு. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. கனிமம் எந்தக் குலத்துக்கும் அல்ல, நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் செய்தார்கள். முதல் ஜனாதிபதி செரெட்சே காமா தம் சொந்தக் குலத்தின் உரிமையையே விட்டுக்கொடுத்தார். 1975-ல் வைரக் கம்பெனியில் அரசின் பங்கு பாதியானது. 2024 தேர்தலில் 58 ஆண்டு ஆண்ட கட்சி தோற்றது; தோற்றவர் மரியாதையாக நாற்காலியை விட்டு எழுந்தார். அங்கே பிரிட்டிஷார் பெரிதாக எதையும் கட்டவில்லை. அதனால் சுரண்டும் இயந்திரமும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லணும். காங்கோவில் இயந்திரத்தைக் கட்டியவன் வெள்ளைக்காரன். நிறுத்தாமல் எண்ணெய் விட்டு ஓட்டியவர் மொபுட்டு. இரண்டு பேருக்கும் கணக்கு உண்டு.

1997-ல் மொபுட்டு ஓடினார். அதன் பிறகு போர், லட்சக்கணக்கில் உயிர்கள். தகப்பன் கபிலா, மகன் கபிலா என்று ஆட்சி நடந்து, 2019-ல்தான் முதன்முறையாகக் கலவரமின்றி ஆட்சி கைமாறியது. இன்று உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ மண்ணிலிருந்து வருகிறது. நம் கை போன் பேட்டரிக்குள்ளும் இருக்கலாம். ஆனால் அந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் மின்சாரம்!

நண்பர்களே, நாளைக்கு லைன் இழுக்கவும், பாலம் கட்டவும், எஸ்டிமேட் போடவும் போகிறவர்கள் நாம். மேஜைக்கு வரைபடம் வரும்போது வோல்டேஜ் சரியா, லாஸ் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது போதாது. இது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் யார் வீட்டைத் தாண்டிப் போகிறது என்று கேட்போம். கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தாலே பல வரைபடங்கள் மாறும்!