விமானிக்கு ஓய்வு விதி இருக்கு... கவுன்ட்டரில் நிற்பவருக்கு?

2025 டிசம்பர் முதல் வாரம். டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என எந்த ஏர்போர்ட் வீடியோவைத் திறந்தாலும் ஒரே காட்சிதான். குவிந்து கிடக்கும் சூட்கேஸ்கள், தரையில் படுத்திருக்கும் குடும்பங்கள், இண்டிகோ கவுன்ட்டரைச் சுற்றிக் கத்தும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு எதிரே யூனிஃபார்மில் நிற்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர். விமானம் ஏன் ரத்தானது என்று அவருக்கும் முழுசாகத் தெரியாது. முன்னால் இருக்கும் ஸ்கிரீன் என்ன சொல்கிறதோ, அதைத்தான் அவரால் சொல்ல முடியும்.

டிசம்பர் 3 முதல் 5 வரை மட்டும் 2,507 விமானங்கள் ரத்து, 1,852 விமானங்கள் தாமதம், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிப்பு என்கிறது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ. அந்த நாட்களில் விமானிகளின் சோர்வு பற்றி நிறையப் பேசினோம். விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆபரேஷன்ஸ் ஊழியர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

என்னதான் நடந்தது?

விமானிகளின் பணி நேரத்துக்கு எஃப்டிடிஎல் என்றொரு விதி இருக்கு. 2024 ஜனவரியில் டிஜிசிஏ அதைக் கடுமையாக்கியது. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ‘இரவு’ எனக் கணக்கிடப்பட்டது. முன்பு 5 மணியோடு முடிந்துவிடும். இரவுத் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2 ஆகக் குறைந்தன. விமான நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அமலாக்கம் தள்ளிப்போனது. கடைசியில் டெல்லி உயர் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக வந்தது.

அதாவது தயாராவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தது. இருந்தும் இண்டிகோவின் அட்டவணைக்கும் கையில் இருந்த விமானிகளின் எண்ணிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை. விமானங்கள் நின்றன. இரவுப் பணி விதிகளில் சிலவற்றிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டது. விசாரணைக்குப் பிறகு ஜனவரியில் டிஜிசிஏ 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது சொன்ன முக்கியக் காரணம், ஆட்களையும் விமானங்களையும் முடிந்தவரை முழுசாகப் பயன்படுத்துவதிலேயே குறியாக இருந்ததால், ரோஸ்டரில் ‘பஃபர்’ இல்லாமல் போய்விட்டது என்பது.

இந்தப் ‘பஃபர்’தான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். ஸ்டாண்ட்பையில் இருக்கும் நாலு பேர், இரண்டு விமானங்களுக்கு நடுவே விடப்படும் கூடுதல் இருபது நிமிடம். பேப்பரில் பார்த்தால் வீண் செலவு. அது இல்லாத நாளில், அந்த இடைவெளியை யாரோ ஒருவர் தன் உடம்பாலும் குரலாலும் நிரப்ப வேண்டியிருக்கு.

93 என்ற எண்

அந்த யாரோ ஒருவர் யார்? ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் சென்டரில் ஸ்கிரீன்களுக்கு முன்னால் இருப்பவர்கள், விமானிகளுக்கு ரோஸ்டர் போடும் க்ரூ ஷெட்யூலர்கள், எரிபொருளும் பாதையும் கணக்கிடும் டிஸ்பாட்சர்கள், ராம்ப்பில் லக்கேஜ் ஏற்றுபவர்கள், கேட்டில் போர்டிங் பாஸ் பார்ப்பவர்கள். ஒரு விமானம் ஒரே நாளில் நாலைந்து ஊர் போய் வரும். காலையில் டெல்லி பனியில் அரை மணி நேரம் தாமதமானால், அது சாயங்காலம் மதுரையிலோ கோவையிலோ இரண்டு மணி நேரமாக வளர்ந்து நிற்கலாம். அதற்குள் விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டால், மாற்று ஆளைத் தேடி ஷெட்யூலர் போனில் உட்கார வேண்டியதுதான்.

ஒவ்வொரு தாமதத்துக்கும் ஐயாட்டாவின் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று போட வேண்டும். 32 என்றால் சரக்கு ஏற்றி இறக்குவதில் தாமதம். 93 என்றால் விமானமே முந்தைய ஊரிலிருந்து லேட்டாக வந்தது. கேட்க சாதாரண பதிவு வேலை மாதிரி இருக்கும். ஆனால் எந்தக் குறியீடு விழுகிறதோ, அந்தத் துறைதான் மறுநாள் மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டும். அடித்துப்பிடித்து விமானத்தை அனுப்பிவிட்டு, மூச்சு வாங்குவதற்குள் ‘இது யார் தப்பு’ என்ற பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்தம்?

1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் எளிமையான ஒரு விளக்கம் கொடுத்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஒருவரை உடைப்பதில்லை. வேலையும் அதிகமாக இருந்து, முடிவெடுக்கும் அதிகாரமும் குறைவாக இருந்தால்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். கவுன்ட்டர் ஊழியருக்கு இது அப்படியே பொருந்தும். விமானத்தைக் கிளப்பும் அதிகாரம் அவரிடம் இல்லை, ரத்து செய்ததும் அவர் இல்லை. ஆனால் திட்டு அவருக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே எரிந்தாலும் முகத்தில் சிரிப்பைக் காட்டுவதும் ஒரு உழைப்பு என்று 1983-இல் எழுதினார் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட். அவர் அதற்காக ஆராய்ந்தவர்களில் டெல்டா ஏர்லைன்ஸின் விமானப் பணிப்பெண்களும் அடக்கம். சம்பளச் சீட்டில் இந்த உழைப்புக்கென்று ஒரு வரி கிடையாது.

சில நேரம் திட்டோடு நிற்பதும் இல்லை. 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்தில், கூடுதல் கேபின் லக்கேஜுக்குக் கட்டணம் கேட்டதற்காக ஸ்பைஸ்ஜெட் ஊழியர்கள் நாலு பேரைப் பயணி ஒருவர் தாக்கினார். ஒருவருக்கு முதுகெலும்பில் முறிவு, இன்னொருவருக்குத் தாடையில் காயம் என்றது அந்த நிறுவனம். கட்டண விதியை எழுதியவர்கள் அந்த கேட் பக்கம் இல்லை.

விதி யாருக்கு?

எஃப்டிடிஎல் விமானிகளுக்கானது. கேபின் க்ரூவுக்கும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்களுக்கும் தனித்தனி வரம்புகள் இருக்கின்றன. க்ரூ ஷெட்யூலருக்கும் கவுன்ட்டர் ஊழியருக்கும் சோர்வை அளவிட்டு எழுதிய இப்படியொரு விதி இல்லை. பொதுவான தொழிலாளர் சட்டங்களோடு சரி. அதிகாலை 2 முதல் 6 வரை மூளை மந்தமாகும் என்ற அடிப்படையில்தான் விமானிக்கு வரம்பு வைத்தார்கள். அதே நேரத்தில் அவருக்கு ரோஸ்டர் போடுபவரின் மூளை மட்டும் எப்படிச் சுறுசுறுப்பாக இருக்கும்?

இது முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் ஏர்லைன் டிஸ்பாட்சரைத் தொடர்ந்து 10 மணி நேரத்துக்கு மேல் பணியில் வைக்கக் கூடாது, ஏழு நாளில் 24 மணி நேரம் முழு ஓய்வு தர வேண்டும் என்று சட்டமே இருக்கு. ஆனாலும் அங்கேயும் 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பனிப்புயலில் தொடங்கிய சிக்கலை, பழைய க்ரூ ஷெட்யூலிங் சாஃப்ட்வேரால் சமாளிக்க முடியவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்று ஷெட்யூலர்கள் கையால் கணக்குப் பார்த்தார்கள். விமானிகள் போனில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். வேலை நேரத்துக்கு வரம்பு இருந்தும், கருவி உடைந்தால் கதை இதுதான்.

யோகா வகுப்பு போதுமா?

நிறுவனங்கள் ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்’ என்றதும் வெபினார், மூச்சுப் பயிற்சி, ஹெல்ப்லைன் நம்பர் என்று இறங்கிவிடுகின்றன. அவை கெடுதல் இல்லை. ஆனால் தொடர்ந்து நாலு நைட் ஷிஃப்ட் போட்டுவிட்டு, ஐந்தாவது நாள் காலையில் தியான வெபினாருக்கு லிங்க் அனுப்பினால் யார் உட்காருவார்கள்?

பலன் தரக்கூடியவை கொஞ்சம் செலவு பிடிப்பவை. ஷிஃப்ட் மாற அரை மணி நேரம் ஒதுக்குவது, ரத்துச் செய்தி பயணியின் மொபைலுக்குப் போகும் முன் கவுன்ட்டருக்குப் போவது, ஹோட்டலும் உணவுக் கூப்பனும் தரும் அதிகாரத்தை மேனேஜருக்குக் காத்திருக்காமல் அங்கே நிற்பவரிடமே கொடுப்பது. ஐரோப்பாவில் 2015 ஜெர்மன்விங்ஸ் விபத்துக்குப் பிறகு, விமானிகள் சக விமானிகளிடமே மனம்விட்டுப் பேசும் ‘பியர் சப்போர்ட்’ ஏற்பாட்டை நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். அதைத் தரைக்கும் இறக்கலாம். ரோஸ்டரில் பஃபர் விடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. அதனால்தான் அது கடைசியாகப் பேசப்படுகிறது.

அடுத்த முறை நீங்கள் கவுன்ட்டரில் நிற்க நேர்ந்தால் ஒரு விஷயம். விமானம் எப்போது கிளம்பும் என்பது அங்கே இருப்பவர் கையில் இல்லை. ஆனால் ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், நீண்ட தாமதத்துக்கு உணவு என டிஜிசிஏ விதியில் உள்ளவற்றை அவரிடம் கேட்கலாம். அதைக் கேட்டால் அவரால் பெரும்பாலும் ஏதாவது செய்ய முடியும்.