கறுப்பு கார்தான் வேணுமாம்!

எங்க வீட்டுல ஒரே சண்டை மக்களே. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் காரே வாங்கறோம். அண்ணனுக்கு கறுப்புதான் வேணுமாம். கெத்தா இருக்குமாம்!

தூத்துக்குடி வெயில்லயா? 2011-ல அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் வெளியிட்ட சோதனையில, வெயில்ல நின்ன கறுப்பு கார் கூரை, சில்வர் காரை விட 25 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கூடுதல் சூடு. உள்ளே 5, 6 டிகிரி. அதை இறக்க ஏசி, ஏசிக்கு பெட்ரோல் (காமர்ஸ் புத்தி போகுமா?). என் ஓட்டு வெள்ளைக்கு.

ஆனா உப்புக்காத்துக்கு கலரெல்லாம் தெரியாது. கவர் போட்டா போதும்ங்கறார் அப்பா. ஈரத்தோட மூடினா துரு, தூசியோட மூடினா கீறல். அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணியில கழுவணும். வெள்ளை வாங்கினா நானே கழுவறேன்னு சொல்லிட்டேன். அண்ணன் இன்னும் பதில் சொல்லலை.