தோட்டத்துப் பன்றி வேட்டையில் காதுப் பாதுகாப்பு: எங்கள் நிலைப்பாடு

செம்பனைத் தோட்டங்களில் காட்டுப் பன்றி சுடும் துப்பாக்கிகளில் மஸல் பிரேக் பூட்டக்கூடாது. சுடுபவரும் அவர் பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரும் காதுக்காப்பு அணியும்வரை ஒரு தோட்டாவும் வெடிக்கக்கூடாது. கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்காகப் பணியாற்றும் நாங்கள் எடுத்திருக்கும் நிலைப்பாடு இது.

மறுநடவு செய்த நிலத்தில் பன்றி இறங்கினால் இளங்கன்றுகளின் குருத்து மிஞ்சாது. ஆகவே உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியோடு வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. அவர்களோடு கூலிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை: நாய்களைப் பிடித்திருப்பவர், விளக்கடிப்பவர், புதரைத் தட்டிப் பன்றியைக் கிளப்புபவர்.

மஸல் பிரேக் என்பது குழலின் முனையில் பொருத்தும், பக்கவாட்டில் துளையிட்ட உலோகத் துண்டு. தோட்டா வெளியேறும்போது பின்னால் சீறிவரும் வாயுவை அது பக்கவாட்டிலும் பின்பக்கமும் திருப்பிவிடுகிறது. அதனால் துப்பாக்கி தோளில் உதைப்பது குறைகிறது. கனத்த தோட்டா சுடுபவருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் முன்னால் போக வேண்டிய வெடியோசையும் வாயுவோடு சேர்ந்து திரும்பி வருகிறது. பக்கவாட்டில் நிற்பவருக்கு உதை குறைந்த நன்மை எதுவும் இல்லை. ஓசை மட்டும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒருவரின் தோளைக் காக்க இன்னொருவரின் காதை விலையாகக் கொடுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

பிரேக் இல்லாத 12 போர் துப்பாக்கியே காதருகில் 150 டெசிபலைத் தாண்டும். மலேசியாவின் 2019 ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள் தொழிலாளியின் காதுக்கு அனுமதிக்கும் உச்ச ஒலி 140 டெசிபல். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை, எந்த மருந்துக்கும். முதலில் போவது உயர்ந்த சுருதி: பேச்சு கேட்கும், ச, ஸ, த போன்ற எழுத்துகள் கலங்கிச் சொல் விளங்காது. வலக்கைக்காரருக்குக் குழலின் வாய்ப்பக்கம் இருக்கும் இடக்காதுதான் பெரும்பாலும் முதலில் கெடும். பிறகு ஓயாத இரைச்சல். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் காதிரைச்சலே முதலிடத்தில் இருக்கிறது. தெரெண்டாக் இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி ஆகக்கூடாது.

காதை அடைத்துக்கொண்டால் பன்றி வரும் அரவம் கேட்காது என்று வேட்டைக்காரர்கள் சொல்வது நியாயமான மறுப்பு. மின்னணுக் காதுமூடிகள் இதற்காகவே இருக்கின்றன: இலை சலசலப்பை உள்ளே விடும், வெடியை மட்டுப்படுத்தும். அது வாங்க முடியாதவருக்கு நுரை அடைப்பான் போதும். அதை மெல்லியதாக உருட்டி, காதுமடலை மேலே இழுத்து உள்ளே செலுத்தி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். வெறும் பஞ்சு உதவாது. பிரேக் பூட்டிய துப்பாக்கி என்றால் அடைப்பான், மூடி இரண்டும் தேவை. அப்போதும் மூடி கூட்டித் தரும் காப்பு ஐந்து முதல் பத்து டெசிபல்தான். உதை தாங்காதவர் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை பூட்டலாம், மருந்து குறைந்த தோட்டா போடலாம். இரண்டும் பக்கத்தில் நிற்பவருக்கு ஓசையைக் கூட்டாது.

வேட்டைக்காரர் தோட்டத்து ஊழியர் அல்ல, ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நிர்வாகங்கள் சொல்ல இனி இடமில்லை என்பதே எங்கள் கருத்து. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையை ஒப்பந்தத்துக்கு விடுபவருக்கும் அது கடமை விதிக்கிறது. பன்றி சுட ஆளை அழைக்கும் நிர்வாகமே, உடன் செல்லும் ஒவ்வொருவருக்கும் காதுக்காப்பை வாங்கித் தர வேண்டும்; அடிக்கடி போகிறவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை செவிப் பரிசோதனைச் செலவையும் ஏற்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் கூட்டிப் போகக்கூடாது. இவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ளாத தோட்டத்துக்கு விரட்ட ஆள் அனுப்ப வேண்டாம் என்று குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.