தோற்றவர்களுக்கும் கைதட்டல்

செமோர் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில், வெயில் தாழ்ந்ததும் திடலில் பந்து உருளும். ஆடுபவர் பலருக்குக் காலில் சப்பாத்து இருக்காது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்படி வெறுங்காலோடு ஒலிம்பிக்கிலேயே ஆடியவர்கள் உண்டு, தெரியுமா?

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் காற்பந்துக் குழு பிரான்சைச் சந்தித்தது. பதினொருவரில் எட்டுப் பேர் வெறுங்கால்! பிரான்ஸ் முதல் கோலைப் போட்டது. 70-ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். ஆனால் சைலன் மன்னாவும் மகாபீர் பிரசாத்தும் ஆளுக்கொரு பெனால்டியைத் தவறவிட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு, 2-1 என்று வென்றது. ஆனாலும் கூடியிருந்தவர்கள் தோற்ற குழுவுக்கு மனமாரக் கைதட்டினார்கள்.

பின்னால் நடந்ததைக் கேளுங்கள். பெனால்டியைக் கோட்டைவிட்ட மன்னா முடங்கிவிடவில்லை. 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையில்தான் இந்தியா தங்கம் வென்றது. லண்டனில் தலைவராக இருந்த தாலிமெரன் ஆவ், தந்தையின் ஆசைப்படி மருத்துவப் படிப்பை முடித்து, சொந்த ஊரான நாகாலாந்து மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

ஆகவே, உங்கள் பிள்ளை தோற்றுவிட்டுப் புழுதிக் காலோடு வாசலில் நின்றால், முகம் சுளிக்காதீர்கள். காலைக் கழுவச் சொல்லி, ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து, “எப்படி ஆடினாய்?” என்று கேளுங்கள். பிறகு பாடப் புத்தகத்தையும் கையில் கொடுங்கள்.